திறந்த கதவே காவல்!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசி, என் வயிற்றிலே புளியைக் கரைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே! செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்திலே, இந்தப் பனியையும் பொருட்படுத்தாமல் குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருக்கும் அன்பு நெஞ்சங்களே!

நான் இந்த மண்ணுக்காரன். இங்கேயிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வல்லத்திலே பிறந்தவன். சின்ன வயதிலே எங்க அப்பா சைக்கிள் பாரிலே உட்கார்ந்து இந்தக் கோட்டையைப் பார்க்க வந்தவன். அதனாலே இன்றைக்கு நான் பேசப்போவது சொந்த வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து பேசுகிற மாதிரி. கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைப்பு என்ன? அறிவுச் செல்வம் நிலைப்பது பூட்டிக் காப்பதாலா? பொதுவில் பகிர்வதாலா? எதிரணிச் சகோதரி கையை நீட்டி அந்த ராஜகிரியைக் காட்டினார். "பாருங்கள் கோட்டையை! மேலே போகிற வழியிலே ஒரு பெரிய பிளவு. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் ஏற முடியாது. 1690இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698 வரை இழுத்தது. அதுதான் பூட்டின் பெருமை!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நம்ம ஊரைப் புகழ்ந்தால் தட்டாமல் இருக்க முடியுமா? (சிரிப்பு)

ஆனால் சகோதரி ஒன்றை விட்டுவிட்டார். 1698இல் என்ன ஆச்சு? கோட்டை விழுந்தது! பூட்டு என்பது எதிரியைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. இன்னொன்றும் சொல்கிறேன். 2025 ஜூலை மாதத்திலே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலே மராட்டியர் காலத்து இராணுவ நிலப்பரப்பு என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அதிலே தமிழ்நாட்டில் இருப்பது இந்த ஒரு கோட்டைதான். இந்தப் பெருமை எப்போது வந்தது? கதவு பூட்டியிருந்தபோது வந்ததா? திறந்து விட்டு, சீட்டு வாங்கியவர் எல்லாம் ஏறிப் பார்க்கலாம் என்று ஆன பிறகு வந்ததா? பூட்டியிருந்த காலத்திலே சண்டைதான் வந்தது, ஐயா! திறந்த பிறகுதான் உலகமே வந்தது! (கைதட்டல்)

சரி, இன்றைக்கு என் பங்குக்கு நான் எடுத்துக்கொண்டது கணிப்பொறி உலகத்துச் சங்கதி. "தமிழ் வாத்தியாருக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் வீட்டுக்காரம்மாவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. கைப்பேசியிலே படத்தைத் தலைகீழாக அனுப்புகிற ஆள் நான். ஆனால் இந்தச் சங்கதி என்னைச் சுட்டிருக்கிறது. எப்படிச் சுட்டது என்பதைக் கடைசியிலே சொல்கிறேன்.

அறிவியல் தரவுகளை வைத்திருந்து கேட்டவர்க்குக் கொடுக்கிற கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். சர்வர் என்றால் யார்? ஹோட்டலிலே பரிமாறுகிறவர். கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பார். "ரெண்டு இட்லி" என்றால் இட்லி. "ஆவாரம்பூ எந்தெந்த மாவட்டத்தில் பூக்கிறது?" என்றால் அந்தப் பட்டியல். அவ்வளவுதான் வேறுபாடு. டிப்ஸ் கேட்காது. (சிரிப்பு)

அந்தப் பரிமாறும் வேலையை எப்படிச் செய்வது என்று கணிப்பொறிக்கு எழுதிக் கொடுக்கிற செய்முறைக் குறிப்புத்தான் மென்பொருள். அந்தக் குறிப்பை ரகசியமாக வைத்துக்கொண்டு பண்டத்தை மட்டும் விற்கலாம். அல்லது குறிப்பையே ஊருக்குக் கொடுத்துவிடலாம். இந்த இரண்டாவது வகையைத்தான் திறமூல மென்பொருள் என்கிறார்கள்.

இதிலே மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது என் மாமியார் வகை. வத்தக்குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுவார். புளி, மிளகாய், மல்லி, வெந்தயம்... என் மனைவி அப்படியே வைப்பார். அந்த ருசி வராது. ஏன்? ஒரே ஒரு பொருளைச் சொல்லாமல் விட்டிருப்பார்! (சிரிப்பு) பாதி திறந்து பாதி மூடுவது. இது ஆபத்து, ஐயா. கைப்பக்குவம் அந்த ஒருவரோடேயே போய்விடும். இன்று எத்தனை வீட்டிலே "எங்க பாட்டி வைக்கிற மாதிரி வராது" என்று பெருமூச்சு விடுகிறோம்? பாட்டி பூட்டிவிட்டுப் போனார். சாவி எங்கே என்று தெரியவில்லை.

நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்று ஒன்று, 1955இலிருந்து இருக்கிறது. தென்னிந்தியக் காடுகளை, செடிகொடிகளைப் பல பத்தாண்டுகள் நடந்து நடந்து ஆராய்ந்த இடம். அந்த நிறுவனமும், பெங்களூரிலே இருக்கிற ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பும், ஸ்ட்ராண்ட் லைஃப் சயின்சஸ் என்ற நிறுவனமும், இன்னும் பலரும் கைகோத்து 2008 டிசம்பரிலே ஒரு பொதுத் தளத்தைத் தொடங்கினார்கள். பெயர் இந்தியப் பல்லுயிர்த் தளம்.

அது எப்படி வேலை செய்கிறது? நீங்கள் வயலுக்குப் போகிறீர்கள். வரப்பிலே ஒரு செடி, பெயர் தெரியவில்லை. கைப்பேசியிலே படம் எடுத்து, எந்த ஊர், எந்த நாள் என்று குறித்து அதிலே போடுகிறீர்கள். திருநெல்வேலியிலே ஒரு கல்லூரி ஆசிரியர் பார்த்து, "இது இன்ன செடி" என்கிறார். அசாமிலே ஒருவர், "இல்லை, இலைக்காம்பைப் பாருங்கள், அது வேறே" என்கிறார். நம்ம பட்டிமன்றம் மாதிரியேதான்! ஆனால் அங்கே கடைசியில் உண்மை தெரிந்துவிடும். (சிரிப்பு) நடுவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்படிச் சேர்ந்த படம், பெயர், இடம், நாள் எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற பொது உரிமத்தின்கீழ் ஊருக்கே கிடைக்கிறது. எடுத்தவர் பெயர் கூடவே நிற்கும்.

இவ்வளவு செய்தவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதுதான் எனக்கு முக்கியம். இந்தத் தளத்தை ஓட்டுகிற மென்பொருளையே பொதுவிலே வைத்துவிட்டார்கள். பந்தியும் போட்டு, சமையல் குறிப்பையும் கையிலே கொடுத்துவிட்டார்கள்! என்ன ஆச்சு? பக்கத்து நாடு பூட்டான். சின்ன நாடு, மலையும் காடும்தான் அவர்கள் செல்வம். 2013 டிசம்பரிலே அவர்களும் தங்களுக்கு ஒரு பல்லுயிர்த் தளம் தொடங்கினார்கள். எதை வைத்து? இதே மென்பொருளை வைத்து! அந்தப் பக்கம் மொரீசியஸ், மடகாஸ்கர், ரியூனியன் தீவுகள். நம்ம தமிழர்கள் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன சீமை. அங்கே பயிருக்கு நடுவே முளைக்கிற களைகளை அடையாளம் கண்டு விவசாயிக்குச் சொல்ல ஒரு தளம் வேண்டியிருந்தது. அதற்கும் இதே அடித்தளம்தான்.

ஒருமுறை அடுப்பு மூட்டினார்கள். பல ஊர் சாப்பிட்டது. பூட்டி வைத்திருந்தால்? பூட்டான் தானே முதலிலிருந்து செங்கல் அடுக்கியிருக்க வேண்டும். பேருதான் பூட்டான், அவர்களே பூட்டவில்லை, நாம் ஏன் பூட்டணும்? (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியிலே ஓர் இளைஞர் கேட்டார்: "ஆளாளுக்குக் கை வைத்தால் மென்பொருள் உருப்படுமா? பலர் கூடிச் சமைத்தால் உப்புக் கரிக்காதா?" நல்ல கேள்வி, தம்பி. நம்ம ஊர்த் தேரைப் பார்த்திருக்கிறாயா? வடம் பிடிக்க யார் வேண்டுமானாலும் வரலாம். நேற்று வந்த மாப்பிள்ளையும் பிடிக்கலாம், பள்ளிக்கூடத்துப் பையனும் பிடிக்கலாம். அதனாலே தேர் கண்ட இடத்தில் போய் முட்டுகிறதா? இல்லை. ஏன்? சக்கரத்துக்குப் பக்கத்திலே ஒருவர் நடந்துகொண்டே வருவார். கையிலே முட்டுக்கட்டை. எங்கே தேர் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலை அது.

திறமூல மென்பொருளிலும் அப்படியே. திருத்தம் யாரும் எழுதி அனுப்பலாம். அதுதான் வடம் பிடிப்பது. ஆனால் அனுப்பினதெல்லாம் உள்ளே போய்விடாது. பொறுப்பாளர்கள் சிலர் வரி வரியாகப் படிப்பார்கள். "இந்த இடத்திலே பிசகு, சரிசெய்து அனுப்பு" என்று திருப்புவார்கள். சோதித்துப் பார்ப்பார்கள். போதுமான திருத்தம் சேர்ந்ததும் ஓர் எண் கொடுத்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று பட்டியல் போட்டு வெளியிடுவார்கள். அதுதான் தேர் நிலையிலிருந்து புறப்படுகிற நாள். நம்ம ஊரிலே ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்கிறோம். தேரிலே அவர்தான் ஐயா காப்பாற்றுகிறவர்!

"சரி, பிடிக்காதவன் என்ன செய்வான்?" என்றால், அவன் மொத்த நிரலையும் ஒரு படி எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம். அதற்கும் உரிமை உண்டு. தனிக்குடித்தனம்! ஆனால் பாத்திரம் பண்டத்துக்குச் சண்டை கிடையாது. இரண்டு வீட்டிலும் எல்லாப் பாத்திரமும் இருக்கும். இப்படி ஒரு பாகப்பிரிவினை நம்ம குடும்பங்களிலே நடந்தால் வக்கீல்கள் என்ன ஆவார்கள்? (சிரிப்பு)

அடுத்து, சகோதரி உருக்கமாக ஒன்று சொன்னார். "என் மகன் ராத்திரி பகலாக எழுதின நிரலை இலவசமாகக் கொடுத்துவிட்டால் அவன் வயிற்றுக்கு என்ன வழி?" தாயின் கேள்வி. தள்ளிவிட முடியாது. பதில் சொல்கிறேன், அம்மா. லினக்ஸ் என்று ஒரு மென்பொருள். 1991இலே பின்லாந்திலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஒரு கல்லூரி மாணவர் தொடங்கிப் பொதுவிலே வைத்தார். 2017 நவம்பரிலிருந்து, உலகத்தின் அதிவேகக் கணிப்பொறிகள் என்று பட்டியலிடுகிற 500இலும் அதுதான் ஓடுகிறது. அதற்கு இன்று நிரல் எழுதுகிறவர்களிலே மிகப் பலர் பெரிய பெரிய நிறுவனங்களிலே மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள். அந்த லினக்சைப் பராமரித்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்த ரெட் ஹாட் என்ற நிறுவனத்தை 2019இலே ஐபிஎம் வாங்கியது. என்ன விலை தெரியுமா? சுமார் 3,400 கோடி டாலர்! ரூபாய் இல்லை, டாலர்! இலவசமாகக் கொடுக்கிறவன் கடைக்கு இந்த விலை என்றால், உங்கள் மகன் பட்டினி கிடக்க மாட்டான், அம்மா. (கைதட்டல்)

அதுமட்டுமில்லை. அறிவியல் ஆய்வுக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது யார்? அரசாங்கம். அரசாங்கத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நாம்! கிணறு வெட்டக் காசு கொடுத்தவனிடமே தண்ணிக்குக் காசு கேட்டால் எந்த ஊர் நியாயம்?

சரி, கொடுப்பதிலே ஏமாற்றம் வராதா? வாங்கிக்கொண்டு போகிறவன், கொஞ்சம் மாற்றித் தன்னுடையது என்று பூட்டிக்கொண்டால்? அதையும் யோசித்தவர் உண்டு. 1983இலே அமெரிக்காவிலே ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1989இலே அதற்காக ஒரு பொது உரிமத்தை எழுதினார். அதன் சாரம் என்ன? எடு, பயன்படுத்து, மாற்று. ஆனால் மாற்றினதை வெளியே கொடுத்தால், உனக்கு எந்த உரிமையோடு கிடைத்ததோ அதே உரிமையோடு கொடு. இது நமக்குப் புதுசா? மொய் ஐயா, மொய்! கல்யாணத்திலே மொய் வாங்கினால் நோட்டிலே எழுதி வைக்கிறோம். திருப்பிச் செய்யாவிட்டால் ஊரிலே தலைகாட்ட முடியுமா? ஸ்டால்மன் மட்டும் ஒரு தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தால், "நம்ம உரிமம் இங்கே ஏற்கெனவே அமலில் இருக்கிறதே!" என்றிருப்பார். (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். மஞ்சள்! "நம்ம மஞ்சளையே வெள்ளைக்காரச் சீமையிலே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். எல்லாவற்றையும் திறந்து வைத்தால் திருடன் வருவான்" என்றார்கள். உண்மைதான். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995இலே அமெரிக்காவிலே மிசிசிபிப் பல்கலைக்கழகத்து மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம்ம அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடியது. 1997இலே அந்தக் காப்புரிமை ரத்தானது. எப்படி ரத்தானது? அதைச் சகோதரி சொல்லவில்லை! "எங்க பாட்டி காலத்திலிருந்தே பூசுகிறோம்" என்று சொன்னால் அந்த நாளிலே அந்த ஊர் அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்காது. அச்சிலே வந்திருக்க வேண்டியிருந்தது. பழைய நூல்களை எடுத்துக் காட்டினார்கள். 1953இலே இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழிலே வந்த ஒரு கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். எழுதி வெளியிட்டிருந்ததால் மஞ்சள் பிழைத்தது! திருடனைப் பிடித்துக் கொடுத்தது பூட்டு இல்லை, ஐயா. பொதுவிலே போட்டு வைத்த சாட்சி! திறந்த கதவே காவல்! (பலத்த கைதட்டல்)

நடுவர் ஏதோ கேட்கிறார். "அப்படியானால் எதையுமே பூட்டக் கூடாதா?" என்கிறார். அப்படிச் சொல்ல மாட்டேன், ஐயா. நோயாளியின் மருத்துவக் கோப்பை ஊருக்குக் காட்டக் கூடாது. அருகிப்போன ஓர் உயிர் எந்தப் பாறை இடுக்கிலே இருக்கிறது என்று இம்மி பிசகாமல் சொல்லிவிட்டால், மறுநாளே பிடித்து விற்கிறவன் போய் நிற்பான். ஒரு மலைவாழ் குடும்பம், "இந்த மருந்தை வெளியே சொல்லாதீர்கள்" என்று சொன்னால் சொல்லக் கூடாது. அது அவர்கள் உரிமை. வீட்டுக்குக் கதவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர்க் கிணற்றுக்குக் கதவு போடாதே என்கிறேன்.

உலகம் முழுக்க இன்று வலையிலே ஓடுகிறதே, அதை உண்டாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா பக்கத்திலே செர்ன் என்ற அணு ஆய்வுக்கூடத்திலே, விஞ்ஞானிகள் தங்களுக்குள்ளே ஆய்வுக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்காகத்தான் 1989இலே அந்த யோசனையை எழுதினார். 1993 ஏப்ரல் 30ஆம் தேதி செர்ன் அந்த மென்பொருளைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. அன்று அந்தக் கையெழுத்து விழாமல் இருந்திருந்தால், இன்று உங்கள் பேரன் அமெரிக்காவிலிருந்து முகம் காட்டிப் பேசுவதற்கு இத்தனை சுலபமான வழி பிறந்திருக்குமா என்று யோசியுங்கள்.

சிரித்தது போதும். ஒரு நிமிடம் கனமான விஷயம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இலே புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை மையமாக வைத்து, கிராமங்களிலே தகவல் மையங்களைத் தொடங்கியது. கடலோர மீனவர் கேட்டது என்ன? "நாளைக்கு அலை எவ்வளவு உயரம்?" அமெரிக்கக் கடற்படை வெளிப்படையாக வைத்திருந்த அலைத் தரவை எடுத்து, தமிழிலே சொல்லி, ஒலிபெருக்கியிலே ஊருக்கே கேட்கும்படி செய்தார்கள். கடல் தாண்டி எங்கேயோ திறந்து வைத்த தரவு, நம்ம கரையிலே ஒரு மீனவன் கட்டுமரத்தை இறக்கலாமா வேண்டாமா என்று சொன்னது.

2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற கடலோர ஊர். சிங்கப்பூரிலே வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியிலே சொன்னார். ஊருக்குச் சொல்ல என்ன வழி? அந்த ஒலிபெருக்கி! மையமோ பூட்டியிருக்கிறது. கதவை உடைத்துத் திறந்து அறிவித்தார்கள் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. ஊரே மேட்டுக்கு ஓடியது. உயிர்கள் பிழைத்தன. அந்தக் காலையிலே பூட்டு காப்பாற்றியதா? பூட்டை உடைத்த கை காப்பாற்றியதா? எதிரணி பதில் சொல்லட்டும்! (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியிலே கை வைத்துவிட்டார். என்னைச் சுட்ட கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், இந்தச் செஞ்சி வட்டாரத்திலே வழங்குகிற செடிகொடிப் பெயர்கள். தொண்ணூறுகளிலே சைக்கிளிலே ஊர் ஊராகப் போனேன். பக்கமலை அடிவாரத்திலே இருளர் குடியிருப்பிலே ஒரு பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாது. காட்டைப் படிக்கத் தெரியும். ஒரே நாளிலே 31 செடிக்குப் பெயர் சொன்னார். எந்தக் காய்ச்சலுக்கு எந்த வேர் என்று சொன்னார். எனக்குக் கேழ்வரகுக் கூழும் கொடுத்தார். இப்படி நான் சேர்த்த சீட்டுகள் சுமார் 2,400. ஆய்வேட்டிலே பயன்படுத்தியது நாலிலே ஒரு பங்கு. மீதியை மர பீரோவிலே வைத்துப் பூட்டினேன். சாவி என் பூணூல் மாதிரி, தாலி மாதிரி என்று சொல்ல மாட்டேன். என் இடுப்புக் கயிற்றிலேயே இருந்தது. (சிரிப்பு)

2003இலே என் மாணவி ஒருத்தி வந்தாள். "ஐயா, அந்தச் சீட்டுகளைக் கொடுத்தால் படி எடுத்துக்கொண்டு தருகிறேன்" என்றாள். நான் என்ன சொன்னேன்? "நான் புத்தகம் போடப் போகிறேன், அம்மா." மனசுக்குள்ளே என்ன இருந்தது? இவள் எனக்கு முன்னால் கட்டுரை எழுதிவிட்டால்? அவள் முகம் வாடிப்போனது. மனசு கேட்காமல், ஒரு நாள் மதியம் மட்டும், நான் வகுப்பு முடித்து வருகிற வரைக்கும் பார்த்துக்கொள் என்று திறந்து விட்டேன். அந்த மூன்று மணி நேரத்திலே பென்சிலாலே 140 சீட்டை எழுதிக்கொண்டு போனாள்.

புத்தகம் வந்ததா? வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று போனது. 2015 மழை உங்களுக்கு நினைவிருக்கும். மழை விட்டதும் பீரோவைத் திறந்தேன். கதவு திறந்தது. உள்ளே சீட்டு இல்லை, மண் இருந்தது. கரையான். பூட்டு அப்படியே இருந்தது, ஐயா! ஒரு கீறல் இல்லை! நான் திருடனுக்குப் பயந்து பூட்டினேன். கரையானுக்குச் சாவி தேவைப்படவில்லை.

ஓடினேன் அந்தக் குடியிருப்புக்கு. பாட்டி போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது என்றார்கள்.

அந்த மாணவி இன்று ஒரு பள்ளியிலே ஆசிரியை. அவளைத் தேடிப் போய் வெட்கத்தோடு கேட்டேன். நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "இந்த 140ஐயும் ஒவ்வொரு செடியாகத் தேடிப் போய்ப் படம் எடுத்து, பல்லுயிர்த் தளத்திலே போட்டிருக்கிறேன், ஐயா" என்றாள். ஒவ்வொன்றின் கீழேயும் "செஞ்சி வட்டார இருளர் வழக்கு" என்று எழுதியிருந்தாள். என் ஆய்வேட்டிலே அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் மாணவி கொடுத்தாள், நான் கொடுக்காத மரியாதையை.

இன்னொன்றும் காட்டினாள். அதிலே ஒரு படத்துக்குக் கீழே, நான் எழுதி வைத்தபடி கீழாநெல்லி என்று போட்டிருந்தாள். யாரோ ஒருவர், எந்த ஊரோ, "இது கீழாநெல்லி இல்லை, மேலாநெல்லி" என்று விளக்கித் திருத்தியிருக்கிறார். கீழாநெல்லி எதற்கு? மஞ்சள் காமாலைக்கு நம்ம வீடுகளிலே தேடுகிற செடி! இருபது வருஷத்துக்கு மேலே என் தவறு பூட்டுக்குள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. வெளியே வந்த பிறகு ஒருவர் கண்ணிலே பட்டது, திருந்தியது. பூட்டினால் அறிவு மட்டும் பத்திரமாக இருக்காது, தவறும் பத்திரமாக இருக்கும்!

கணக்குப் பாருங்கள், நடுவர் அவர்களே. சீட்டு 2,400. ஆய்வேட்டிலே அச்சானது 600. நான் பூட்டிக் காத்தது 1,800; அதிலே ஒரு மதியம் மட்டும் கதவைத் திறந்ததாலே பிழைத்தது 140. மீதி மண். இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். பகிர்ந்ததுதான் பிழைத்தது.

இங்கே உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை கணிப்பொறி படிக்கிறதா? வேலைக்குப் போகிறதா? போகட்டும், நன்றாகச் சம்பாதிக்கட்டும். ஆனால் வாரத்திலே இரண்டு மணி நேரம், இப்படிப் பொதுவிலே ஓடுகிற ஒரு மென்பொருளுக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கணிப்பொறி தெரியாத நாமும் சும்மா இருக்க வேண்டாம். வீட்டிலே பாட்டி இருக்கிறாரா? பக்கத்திலே உட்கார்ந்து, செடிப் பெயர் ஒன்று கேட்டு, படம் பிடித்து, அவர் சம்மதத்தோடு, அவர் சொன்னது என்று எழுதிப் போடுங்கள். நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிடாதீர்கள். இறைக்கிற கிணறுதான் ஊறும். இறைக்காத கிணற்றிலே பாசிதான் படியும்.

என் இடுப்புக் கயிற்றிலே இப்போது அந்தச் சாவி இல்லை. பீரோவின் கதவையே கழற்றிவிட்டேன். எனவே, அறிவுச் செல்வம் நிலைப்பது பூட்டிக் காப்பதாலே அல்ல, பொதுவில் பகிர்வதாலேதான் என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)